குடிக்காதவனின் சாட்சி

ஜூன் 2, ஞாயிறு

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று ஒரு முடிவை நடைமுறைப்படுத்தினேன். ஆலயத்தில் ஒன்பதாவது பெஞ்சிலிருந்து எட்டாவது பெஞ்சுக்கு முன்னேறினேன். ஞானஸ்நானம் பெற்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பெஞ்சு அதிகப்படியான ஆசையாகத் தோன்றவில்லை.

முதல் பாட்டு முடிவதற்குள் பாடகர் குழுத் தலைவர் பிரின்ஸ் வந்து குனிந்தார். "அண்ணே, இங்கன எங்க அப்பா உக்காருவாக."

ஒன்பதுக்குத் திரும்பினேன். அவருடைய அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன என்று பிறகு தெரிந்தது. ஆராதனை முழுவதும் எட்டாவது பெஞ்சின் அந்த இடம் காலியாகவே இருந்தது.

ஜூன் 5, புதன்

நூலகத்துக்கு ஏழு பேர் வந்தார்கள். ஆறு பேர் செய்தித்தாளுக்கு, ஒருவர் மின்விசிறிக்கு. 'அமைதி காக்கவும்' பலகையை நூலகராகிய நான் வீட்டிலும் கடைப்பிடிக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

சபைச் செயலாளர் ஜஸ்டின் வழிமறித்தார். போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். வாயில் எப்போதும் ஏலக்காய். தன் சரக்குக்குத் தானே விளம்பரம். வரும் எழுப்புதல் கூட்டத்தில் நான் சாட்சி, அதாவது ஆண்டவரிடம் வந்த கதையை, சொல்ல வேண்டுமாம்.

உள்ளதைச் சொன்னேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சாரல் நாளில் ஆலய வாசலில் ஒதுங்கினேன். உள்ளே ஊரின் பெரிய மனிதர்கள் எல்லோரும் ஒரே குரலில், தாங்கள் தவறு செய்ததாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒன்றை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அடுத்த வாரமும் சொல்கிறார்களா என்று பார்க்கப் போனேன். சொன்னார்கள். பிறகு நானும் சேர்ந்து சொன்னேன். அவ்வளவுதான்.

ஜஸ்டின் கவலையோடு கேட்டார். "இதுல விழுந்தது எங்கன, எந்திரிச்சது எங்கன? பாவம்னு ஏதாச்சும் இருக்குமேண்ணே. நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசித்துக்கொண்டே பழனிசெட்டிபட்டி வரை நடந்தேன். ஒப்பிக்கும் தரத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

ஜூன் 13, வியாழன்

நோட்டீஸ் வந்துவிட்டது. என் படத்துக்குக் கீழே: 'குடியின் கோரப்பிடியிலிருந்து விடுதலை பெற்ற சகோதரர் சசிதரன் சாட்சி கூறுவார்.'

நாற்பத்தொன்பது வயதில் நான் அதிகபட்சமாக அருந்தியது சுக்குக் காப்பி.

ஜூன் 14, வெள்ளி

வாட்ஸ்அப் வழியாக நோட்டீஸ் வருசநாடு போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து என் அக்கா கஸ்தூரி போன் செய்தாள். ஞானஸ்நானத்துக்கு மறுநாள் பேச்சை நிறுத்தியவள்.

"ஏலே, எத்தன வருசமாக் குடிச்ச?"

"குடிக்கலக்கா."

"படத்தோட போட்டிருக்காக. அச்சடிச்சுப் பொய் சொல்லுவாகளா?"

சொல்வார்கள் என்றேன். அவள் காதில் விழவில்லை.

"சாமிய மாத்துனதக்கூட ஆறிப்போச்சுன்னு விட்டுட்டேன். ஒத்தையில உக்காந்து குடிச்சிருக்கியேலே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

அழுதாள். அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. மறுத்தால் போனை வைத்துவிடுவாளே.

ஜூன் 15, சனி

மறுப்புரை தயார். மூன்று பக்கம். ஜஸ்டின் பெயர் நான்கு இடங்களில், ஒவ்வொன்றும் மரியாதையாகவும் குத்தும்படியும். கண்ணாடி முன் வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

நூலகம் மூடும் நேரத்தில் ஜஸ்டின் வந்தார். செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து நேற்றைய தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"நீங்க குடிச்சதில்லேன்னு எனக்குத் தெரியும்ணே."

"பெறகு ஏன் போட்டீக?"

அவர் தாளை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"காலையில ஜெபம் பண்ணி கடையத் தெறப்பேன். தெறந்ததும் மொத வேல அதான். பதினோரு வருசமாச்சு. வீட்டுல தெரியாது. யாராச்சும் ஒருத்தர் அத மைக்குல சொல்லிக் கேக்கணும்னு இருந்துச்சு. என்னால ஏலல."

நான் ஏலக்காயைப் பற்றி நினைத்தேன். இரண்டு வருட நோட்டில் அந்த ஏலக்காயை வைத்து எத்தனை நக்கல் — பதினான்கு, வீட்டுக்கு வந்து எண்ணிவிட்டேன். ஒரு தடவையாவது, ஏன் இந்த ஆள் ஓயாமல் மெல்லுகிறார் என்று கேட்கத் தோன்றியதா? எத்தனை புத்தகம் படித்தவன் நான்.

போகும்போது சொன்னார். "நாளைக்கு மேடையில, இதெல்லாம் பொய்யின்னு மட்டும் சொல்லிராதீகண்ணே."

பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொன்னால் நோட்டீஸை எழுதியது யார், ஏன் எழுதினார் என்று துருவாமல் விடமாட்டார்கள். அந்த மனுசன் எங்க போவாரு? நான் மட்டும் எங்க போவேன்? இருக்கறது இந்த ஒரு இடந்தான்.

ஜூன் 21, வெள்ளி

நூலக விடுமுறை. மறுப்புரையைக் கிழித்தேன். நல்ல உரைநடை, வருத்தமாகத்தான் இருந்தது.

மாலைக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்றில் முடித்துவிட்டேன். நோட்டீஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் விட முடியாத பழக்கம் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எனக்கு இன்னும் விடுதலை கிடைக்கவில்லை என்றேன். ஞாயிறுதோறும் ஒன்பதாவது பெஞ்சில் உட்கார்ந்து உங்களைப் பார்த்து மனதுக்குள் சிரிக்கிறேன், வீட்டுக்குப் போய் அதை எழுதியும் வைக்கிறேன். இன்று காலையில்கூட எழுதினேன். விட முடியாத ஏதாவது ஒன்றை வைத்திருப்பவர்கள் அடுத்த வெள்ளி மாலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வரலாம். நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

கடைசி வாக்கியம் நான் யோசித்து வைத்ததில் இல்லை.

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் அவசரமாக அடுத்த பாட்டின் எண்ணை அறிவித்தார். பிரின்ஸ் முதல் அடியை விட்டுவிட்டு இரண்டாவது அடியிலிருந்து தொடங்கினார்.

ஜூன் 23, ஞாயிறு

யாரும் என்னிடம் பேசவில்லை. ஜஸ்டின் ஆலயத்துக்கு வரவில்லை.

ஜூன் 25, செவ்வாய்

நூலகத்துக்கு மூன்று பேர். நான் பேசிய சொற்கள்: 'கையெழுத்துப் போடுங்க.' நான் சொன்னதால்தான் ஜஸ்டின் வராமல் போனாரா? அல்லது சொல்லாமல் விட்டதாலா?

ஜூன் 26, புதன்

அக்கா இப்போது தினமும் போன் செய்கிறாள்.

"இன்னைக்குக் குடிக்கலேல்ல?"

"குடிக்கலக்கா."

"நல்ல பிள்ள. சாப்ட்டியா?"

ஜூன் 28, வெள்ளி

ஆறு மணிக்கு யாரும் வரவில்லை. ஆறேகாலுக்கு ஜஸ்டின் வந்தார். வாயில் ஏலக்காய் இல்லை, வாடை அடித்தது. பிறகு, பேர் தெரியாத இருவர், ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல். ஆறரைக்குப் போதகரின் மனைவி, தன் தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். கடைசியாக பிரின்ஸ்.

வீட்டில் நாற்காலி இரண்டுதான். பாய் எடுத்துவர பிரின்ஸ் தன் வீட்டுக்குப் போனார்.