துவையல் என்று நினைத்துப் போட்டது

செப். 27, சனி

காலையில் தூறல், அப்புறம் வெயில். கரண்ட் இல்லை. பனியன் யூனிட்டில் தையல் மெஷின்கள் எல்லாம் சும்மா. நானும் சும்மா. சும்மா இருந்த நேரத்தில் நான் பார்த்த வேலை, போலந்தில் படிக்கும் மகள் அம்மிணி அனுப்பிய போட்டோவை எடுத்துக் குலதெய்வக் கோயில் வாட்ஸப் குரூப்பில் போட்டது.

வெள்ளைத் தட்டு. சிவப்பாக ஒரு குவியல். நடுவில் குழி, குழிக்குள் மஞ்சளாக ஏதோ. நல்லெண்ணெய் ஊற்றிய மிளகாய்த் துவையல் என்றே எடுத்துக்கொண்டேன். போலந்தில் போய் அம்மிக்கு எங்கே போனாளோ என்று ஒரே பெருமை. கீழே எழுதியது: "வெளிநாட்டில் டெக்ஸ்டைல் மேற்படிப்பு படித்தாலும் மகள் நம் பாரம்பரியத்தை விடவில்லை. புரட்டாசி சனிக்கிழமை வாழ்த்துகள்." கும்பிடும் கை மூன்று.

மத்தியானத்துக்குள் பூவும் கைதட்டலும். சாயங்காலம், பெங்களூரில் வேலை செய்யும் ஒரு பங்காளி வீட்டுப் பையன்: "சித்தப்பா, அது துவையல் இல்லீங்க. பச்சை மாட்டுக்கறிய கொத்தி வெச்சிருக்காங்க. நடுவுல இருக்கறது முட்டைக்கரு."

பூப் போட்டவர்கள் ஒவ்வொருவராகப் பூவை எடுத்துக்கொண்டார்கள். நான் அழித்தேன். என் போனில் மட்டும் அழிந்திருக்கிறது. மற்ற எல்லார் போனிலும் துவையல் அப்படியே.

பத்தாவது வரை படித்தது போதாது போல.

செப். 28, ஞாயிறு

வீட்டுக்காரி சரசுவுக்குக் கோபம். நேற்றுத் தேய்த்த பூஜைச் சாமானை இன்றைக்கும் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அவ தின்னது கெடக்குதுங்க. ஊருக்கே தமுக்கடிச்சது ஆருங்க?"

இரண்டு தோசையோடு எழுந்துவிட்டேன்.

சுப்பு அண்ணன் போன். பெரியப்பா மகன், கோயில் காரியமெல்லாம் அவர் கையில். முன்னே சாமளாபுரத்தில் தறி ஓட்டியவர், இப்போது பனியன் எக்ஸ்போர்ட்.

"ஏன் செல்வா, வர்ற சனிக்கெழம கோயில்ல கூட்டம். அதுக்குள்ள புள்ளைய குரூப்புல வாய்ஸ் போடச் சொல்லு. தெரியாமத் தின்னுட்டேன், மன்னிச்சுக்கங்கன்னு. இல்லீன்னா ஐப்பசியில கோயில்ல வெக்கற பொங்கலுக்கு உங்கூட்டுப் பானை வேண்டாம்."

"யோசிச்சுச் சொல்றனுங்ணா."

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. எப்போதும் எனக்கு அப்படித்தான்.

செப். 29, திங்கள்

வெயில். கரண்ட் உண்டு. ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஜெபமணி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, விஷயம் எப்படியோ தெரிந்து, யூனிட்டில் எல்லார் முன்னாலும் கேட்டாள்.

"அண்ணாச்சி, மாடோ ஆடோ, அது இருக்கட்டும். பச்சையாவா தின்னா பிள்ள? அந்த ஊர்ல அடுப்பு கெடையாதா? வயித்துக்கு ஒண்ணும் ஆவலியே?"

பிள்ளையின் வயிற்றைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள். எனக்கே தோன்றவில்லை.

நமக்கு டீ நேரம் என்றால் அம்மிணிக்கு மத்தியானச் சாப்பாடு. தினமும் அப்போது போட்டோ வரும். இன்று வரவில்லை. கேட்டேன். "சாப்டேன்" என்று ஒரு வார்த்தை.

போன வருசம் போனதிலிருந்து வந்தவை, நினைவில் இருக்கிற வரைக்கும்:

பியரோகி. உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம்.
புளித்த மாவுக் கஞ்சி. ரொட்டியைக் குடைந்து அதையே கிண்ணமாக்கி ஊற்றியது. கடைசியில் கிண்ணத்தையும் தின்னலாம். பாத்திரம் கழுவ வேண்டாம் என்று சரசுவுக்கு அந்த ஊர் அன்றைக்குத்தான் பிடித்தது.
உருளைக்கிழங்கும் மோரும். கடையில் மோர் பாக்கெட் பார்த்து அங்கேயே நின்று அழுதாளாம்.
இவள் ஆக்கிய அரிசிம்பருப்புச் சோறு. கூடத் தங்கியிருக்கும் பெண் அதன்மேல் புளிப்பு கிரீம் ஊற்றினாள். அநியாயம் என்று எழுதினேன். நல்லாத்தான் இருக்குங்ப்பா என்று பதில்.

இப்போது "சாப்டேன்".

அக். 1, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரி, கடலை, ஆளுக்கொரு ஸ்வீட் டப்பா. கத்தரிக்கோலைப் பூஜைக்கு வைத்துவிட்டுப் பொரிப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன்.

வீட்டுக்கு வந்து நானே கூப்பிட்டேன். சரசு முன்னமே எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"நான் சாரி சொல்லி வாய்ஸ் போட்டர்றனுங்ப்பா. என்னால உங்களுக்கு எதுக்கு வம்பு."

"தெரியாமத் தின்னியா கண்ணு?"

"இல்லீங்ப்பா. தெரிஞ்சுதான். கூடப் படிக்கறவ பொறந்த நாளுக்கு ஓட்டலுக்குப் போனோம். எல்லாரும் தின்னாங்க. எப்படித்தான் இருக்குதுன்னு பாக்கலாம்னு."

"நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்ப்பா."

திருடிவிட்டு மாட்டினவள் மாதிரி ஒரு குரல். தெரியாத ஊரில் தனியாக வீடு பிடித்தவள். பனியில் வழுக்கி விழுந்து எழுந்து பரீட்சைக்குப் போனவள். அவள் குரல் இப்படி ஆனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப சாரியும் இல்ல, பூரியும் இல்ல. போனை வெய்யி."

அதட்டலாக வந்துவிட்டது. என்னிடம் அப்படி ஒரு சத்தம் இருப்பது எனக்கே தெரியாது. சரசு கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

அக். 4, சனி

கோயில். மப்பாக இருந்தது, மழை இல்லை. சரசு வரமாட்டாள் என்று நினைத்தேன். சேலை மாற்றிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

பெயிண்ட், மைக் செட், பந்தல் எல்லாம் பேசி முடித்து, கடைசியாக என் துவையல்.

சுப்பு அண்ணன்: "வாய்ஸ் வரலையே செல்வா."

எழுந்தேன். வீட்டில் பேசிப் பார்த்துக்கொண்டு வந்தது முழுக்க மறந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"குரூப்புல போட்டது நானுங்ணா. புரட்டாசி சனிக்கெழம அந்தப் படத்தைப் போட்டதுக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன். தின்னதுக்கு என்ற புள்ள கேக்க மாட்டா."

"அப்ப அவ செஞ்சது செரிங்கறயா?"

"நம்ம தைக்கற பனியனை ஆருங்ணா போடறாங்க? அதைத் தின்னறவங்கதான? ஆர்டர் வர்றப்ப என்ன தின்னீங்கன்னு கேட்டா வாங்கறோம்? அவங்க கூட ஒக்காந்து நீங்களும் விருந்து சாப்பிட்டிருக்கீங்க."

"நான் தயிர்சோறு தின்னேன்டா."

"அவங்க என்ன தின்னாங்க? நடுவுல எந்திரிச்சா வந்தீங்க?"

யாரோ பின்னால் சிரித்து இருமலாக்கிக்கொண்டார்கள். அண்ணன் முகம் சிவந்துவிட்டது.

"பொங்கலுக்குப் பானை தூக்கிட்டு வந்துராத. அவ்வளவுதான்."

"வருவனுங்ணா. எப்பவும் வெக்கிற எடத்துலதான் வெப்பேன்."

சொல்லிவிட்டு எழுந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

திரும்பி வரும்போது சரசு பின்னாலிருந்து, "ஐப்பசிக்குப் பெரிய பானையா வாங்கோணுமுங்க. அங்க இருக்கற எல்லார்த்துக்கும் தெரியற மாதிரி."

வீடு வந்து பார்த்தால் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கியிருந்தார்கள். இனிமேல் காலையில் பூங்கொத்துப் படம், திருவள்ளுவர் படம், சர்க்கரை நோய்க்கு வெண்டைக்காய்த் தண்ணி, எதுவும் வராது. போனுக்கே நிம்மதி.

அக். 5, ஞாயிறு

மழை. யூனிட் லீவு.

டீ நேரத்தில் போட்டோ வந்தது. பீட்ரூட் ரசம், உள்ளே குட்டிக் குட்டிக் கொழுக்கட்டை. கீழே எழுதியிருந்தாள்: "சைவம்தாங்ப்பா."

உடனே கூப்பிட்டேன். "கீழ அதெல்லாம் எழுதாத. என்ன தின்னாலும் முன்ன மாதிரி அனுப்பு. இனி எங்கயும் போட மாட்டேன். போடறதுக்குக் குரூப்பும் இல்ல."

சிரித்தாள். பழைய சிரிப்பு. அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அப்பா, நெசமாச் சொல்லுங்க. உங்களுக்கு அருவருப்பா இல்லீங்களா?"

"அங்க குளிரு ஆரம்பிச்சிருச்சா கண்ணு?" என்றேன்.

சொல்லாதது: இருக்கிறது கண்ணு. நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. அது என் வயிற்றோடு இருக்கட்டும். அதைக் கொண்டுவந்து உன் தட்டில் வைக்க மாட்டேன்.