கன்னியம்மாவுக்கு ஆனர்ஸ் கிடைத்துவிட்டது, நைனா

என் பிரியமான நைனாவுக்கு,

உனக்குத் தபால் போட வழியில்லை. கடலில் போட்டால் அலை திருப்பிக் கொண்டுவந்து கரையில் தள்ளிவிடும். அதனால் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். ஊர் படிக்கட்டும், கூட்டத்தோடு கூட்டமாக நீயும் கேட்டுக்கொள்.

விஷயம் இதுதான். என் தங்கை, நம் கன்னியம்மா, கடற்கரையில் இருக்கும் அந்தப் பெரிய கல்லூரியில் கணக்கு ஆனர்ஸ் சேர்ந்துவிட்டாள். சாதாரண பி.ஏ. என்றால் இரண்டு வருஷம். ஆனர்ஸ் மூன்று வருஷம், விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் ஆள் எடுப்பார்கள். அப்படிப் புதிதாகச் சேர்கிறவர்களில் முந்தி நிற்பவருக்கு மெரிட் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று தருவார்கள். அதுவும் அவளுக்குத்தான். வேலை பார்க்கும் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் நான் இதைச் சொல்லாத ஆள் பாக்கியில்லை. என்னைக் கண்டாலே ஓடுகிறார்கள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ராயபுரத்தில் எத்தனை பேர் உன்னைக் கேலி செய்தார்கள்? "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குய்யா படிப்பு?" என்றவர்களுக்கு, "என்னை மாரி தண்ணியில கெடந்து சாவாம இருக்கத்தான்" என்றாய். நீ சொன்னபடியே நீ போனாய். அந்தப் பேச்சு இன்னும் எனக்கு ஆறவில்லை.

இன்டர்மீடியட் முடித்ததும் அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். கல்மண்டபத்தில் கூடை வைத்து மீன் விற்கிறவள் சொன்னால் அது சொன்னதுதான், உனக்குத் தெரியாததா? "அந்த ஸ்காலர்சிப்பு வந்தா படிக்கட்டும். வரலன்னா வர்ற தையில கல்யாணம். நடுவுல பேஜாரு பண்ணாதீங்க." மாப்பிள்ளையும் தயார். கன்னியம்மா கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கட்டுமர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

கல்லூரியில் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு கண்டிப்பான விதி. யாராவது சிபாரிசு பிடித்தால் அந்தப் பிள்ளையின் பேரை அடித்துவிடுவார்கள். நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் குப்பத்துத் தலைவர் வீராசாமி மாமாவிடம் போய், "யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். அவரும் பெரிதாகத் தலையாட்டினார். நானும் நம்பினேன்.

நானும் அவளும் டிராமில் போனோம். கார்டியன் என்று என்னையும் உள்ளே உட்கார வைத்தார்கள். எதிரே கணக்குப் பேராசிரியர், கண்ணாடி போட்ட தமிழர். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர். பேராசிரியர் முதல் கேள்வியை ஆரம்பிக்கும்போதே குமாஸ்தா ஓடி வந்து ஜன்னலைக் காட்டினார். பார்த்தால், ரோட்டுக்கு அந்தப்பக்கம் மணலில் கட்டுமரங்கள் வரிசையாக ஏறிக் கிடக்கின்றன. துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு கடல் வழியாகவே வந்திருக்கிறார்கள், நைனா! அன்றைக்கு ஒருத்தரும் வலை எடுக்கவில்லை. நம் குப்பத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் தலைப்பாகையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரியைப் பார்த்தபடி நிற்கிறார்கள். முன்னால் வீராசாமி மாமா.

பேராசிரியர் முகம் மாறிவிட்டது. "யார் இவர்கள்? உனக்குச் சிபாரிசு செய்ய வந்த கூட்டமா? விதி தெரியுமில்லையா?"

இறங்கிப் போய் அத்தனை பேரையும் கடலுக்கே துரத்திவிட்டு வரலாமென்று எழுந்தேன். கன்னியம்மா மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பியூன் விரட்டியிருப்பான், அவளும் தப்பித்திருப்பாள். அவள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ், புத்தகத் தமிழ் எல்லாம் எங்கே போனதோ, நம் வீட்டுப் பேச்சிலேயே ஆரம்பித்தாள்.

"எங்க வூட்டு ஆளுங்கதான் சார். சிபாரிசுக்கு வரல. கடலுக்குள்ள போனவங்க வர நேரமாச்சின்னா, எங்க குப்பத்துல யாரும் தொழிலுக்குப் போவ மாட்டாங்க. எல்லாரும் கரையாண்ட வந்து நிப்பாங்க. கத்த மாட்டாங்க, கூப்ட மாட்டாங்க. சும்மா நிப்பாங்க. எங்க நைனாவுக்கும் அப்டித்தான் நின்னாங்க. அவரு வரல. இன்னிக்கி நான் உள்ள வந்துகீறேன், அதான் நின்னுகினு கீறாங்க."

அப்புறம் ஒன்று சொன்னாள். "சந்தேகமா இருந்தா, மத்தவங்களக் கேட்டதவிடக் கஷ்டமா கேளுங்க சார். எனக்குச் சலுகை வேணாம்."

பேராசிரியர் எழுந்து ஜன்னலிடம் போனார். வெகுநேரம் பார்த்தார். ஒருத்தர்கூட ரோட்டைத் தாண்டவில்லை, ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் வெள்ளைக்காரரிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். அவரும் வந்து எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து சாக்குக்கட்டியை எடுத்துக் கன்னியம்மா கையில் கொடுத்தார்கள்.

நிஜமாகவே கஷ்டமாகத்தான் கேட்டார்கள் போல. அவளுக்கு முன்னால் போய் வந்த பிள்ளைகள் யாரும் அவ்வளவு நேரம் உள்ளே இருக்கவில்லை. எனக்கு என்ன புரியும்? போர்டு முழுக்க எழுதினாள். கடைசி வரிக்கு வந்தவள் நின்றுவிட்டாள். மேலே பார்த்தாள், நடுவில் ஒரு வரியைப் புறங்கையால் அழித்தாள், அங்கிருந்து மறுபடி எழுதி இறங்கினாள். "தப்பை நாங்கள் சொல்லவில்லையே" என்றார் பேராசிரியர். "தப்பு தெரிஞ்சப்புறம் எப்படி சார் விடறது?" என்றாள். அந்த மனுஷர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

வெளியே வந்து வீராசாமி மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "சொல்லிட்டுத்தானே மாமா வந்தேன்!" அவருக்கோ அப்படியொரு கோபம். "பேசக்கூடாதுன்னுதானே சொன்ன? எவனாவது பேசினானா? நிக்கக்கூடாதுன்னு எப்போடா சொன்ன?" கன்னியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர்களோடு கட்டுமரத்திலேயே ஏறி வீட்டுக்கு வந்தாள், சாக்குப் பொடி ஒட்டிய கையோடு. நான்தான் தனியாக டிராமில் வந்தேன்.

கல்லூரியில் பட்டியல் ஒட்டிய அன்று அம்மா கூடையைப் பக்கத்துக்காரியிடம் விட்டுவிட்டு எங்களோடு வந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னாடா போட்டுகீது? சொல்லித் தொலையேன்டா" என்றாள். ஆனர்ஸ் பட்டியலில் மேலேயே இருந்தது அவள் பெயர். பக்கத்தில் ஸ்காலர்ஷிப் என்று தனியாக எழுதியிருந்தார்கள். விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். கன்னியம்மா பெயருக்கு முன்னால் இருந்த 'E' என்ற இங்கிலீஷ் எழுத்தைத் தொட்டாள். "இது இன்னாடா, சீப்பு மாரி தனியா கீது?"

"அது ஏழுமலைம்மா. நைனா பேரோட மொத எழுத்து."

அம்மா கையை எடுக்கவில்லை. பின்னால் பட்டியல் பார்க்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். யாரும் அவளை நகரச் சொல்லவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தையில கல்யாணமும் இல்ல ஒண்ணும் இல்ல. படிக்கட்டும்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்: "எல்லாருக்கும் முன்னால வந்து நின்னுகினு கீறாரு பாத்தியா உங்க நைனா."

நைனா, உன் உடம்பு எங்களுக்குக் கிடைக்கவில்லை. உனக்கென்று ஒரு கல் நட எங்களுக்கு இடமும் இல்லை. உன் பேர் எழுதிய இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான். வருஷா வருஷம் அவள் முதல் வகுப்பில் தேறினால்தான் ஸ்காலர்ஷிப் தொடருமாம். அவள் தேறுவாள். மூன்று வருஷமும் வீட்டுக் கவலை ஒன்றும் அவள் பக்கம் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். இது என் வாக்கு. அந்த எழுத்து மேலே இருந்து ஒரு படி இறங்க விடமாட்டோம்.

அதே எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருக்கும் உன் மூத்த பிள்ளை,
ஏ. முனுசாமி
ராயபுரம்