கதவுக்கு வெளியே சாருஜன்

ஒடென்சே
12.01.2025

அன்புள்ள ஜெசிந்தன் அண்ணைக்கு,

நாங்கள் சுகம். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? றொஷானியின் அப்பா போய் அடுத்த மாதம் ஒரு வருடம். பெப்ரவரி 15, சனிக்கிழமை ஆண்டுப் பூசை. கட்டாயம் வாருங்கோ. செத்தவீட்டுக்குப் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை. போன் எடுத்தாலும் அண்ணிதான் கதைக்கிறா. எனக்கு மனக்குறைதான்.

கப்பல் கம்பனியின் அறிக்கையை றொஷானி வாசித்தாள். கொள்ளையர் வருகிறார்களென்று மணி அடித்தும் அவர் பாதுகாப்பு அறைக்கு வரவில்லையாம். தனியே உயிர்காப்புப் படகை இறக்கப் போய்க் கடலில் விழுந்தாராம். "அப்பா முட்டாள்தனமாகச் செத்தார்" என்று டெனிஷில் சொல்கிறாள். பதினாறு வயது.

அந்த அறையிலிருந்த ஒரே தமிழர் நீங்கள். அவர் ஏன் வரவில்லை, அண்ணை?

அன்புத் தங்கை,
மரினா

ஹொல்ஸ்டெப்ரோ
26.01.2025

அன்புள்ள தங்கச்சி மரினாவுக்கு,

சாருஜன் வந்தான்.

கதவைப் பூட்டிச் சில நிமிடத்தில் வந்தான். இரும்பில் தட்டித் தட்டி, "அண்ணை, நான்தான். திறவுங்கோ அண்ணை" என்று கத்தினான்.

அந்த ஆபிரிக்கக் கடலில் எல்லாருக்கும் பயம். அதுக்கு முந்தின மாதம்தான் வேறொரு கப்பலில் நாலு பேரைக் கடத்தியிருந்தார்கள். இப்போது மூன்று படகுகள் எங்களை நோக்கி வந்தன. உள்ளே எண்ணியதில் ஒருவர் குறைவு. "ஆர் அது? எங்கட ஆளோ?" என்று கப்டன் என்னைக் கேட்டார். வேறு ஒருவருக்கும் தமிழ் விளங்காது. அவனுக்குப் பின்னால் துவக்கோடு கொள்ளையன் நிற்கிறானென்று நினைத்தேன். "தெரியாது, வேறை ஏதோ பாஷை" என்றேன்.

கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு சத்தமில்லை.

ஆறு மணித்தியாலம் கழித்து வெளியே வந்தோம். கப்பலில் எவனும் ஏறியிருக்கவில்லை. வந்தவர்கள் மீனவர்கள். தங்கள் வலைக்கு மேலால் ஓட்டவேண்டாமென்று சொல்ல வந்தவர்கள். சாருஜனைக் கடலிலிருந்து தூக்கித் தந்ததும் அவர்கள்தான்.

அவனுக்கு அந்த வேலையை எடுத்துக் கொடுத்தவன் நான். பூசைக்கு வர முகமில்லை.

ஜெசிந்தன்

ஒடென்சே
03.02.2025

ஜெசிந்தன்,

கடிதம் கிடைத்தது.

பயம் எனக்கு விளங்கும். சண்டை நேரம் மன்னாரில் பங்கருக்குள் கிடந்தவள் நான். அந்த அறையில் பயந்ததற்கு உங்களை ஒன்றும் சொல்லமாட்டேன். செத்தவீட்டில் என் தலையைத் தடவி, "அவன் அவசரப்பட்டிட்டான், தங்கச்சி" என்றீர்களே. அப்போது எந்தக் கொள்ளையன் பக்கத்தில் நின்றான்?

றொஷானிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அவளுக்கு இதை வாசித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்களே டெனிஷில் எழுதுங்கோ. அப்பா கூப்பிட்டது தமிழில் என்றும், உங்களுக்கு அது விளங்கியது என்றும் எழுதுங்கோ. கையெழுத்துப் போட்டு அவளுக்கு ஒன்று, கம்பனிக்கு ஒன்று அனுப்புங்கோ.

எனக்கு இனி எழுதவேண்டாம்.

சாருஜனின் மனைவி,
மரினா