முழங்காலுக்குப் பின்னால்

அண்ணா,

நீ என்னிடம் கேட்கமாட்டாய். அண்ணிதான் போன் செய்து, "உன் அண்ணனுக்குக் கால்ல ஸ்டென்ட் வைக்கலாமா? நீ சொன்னா கேட்பாரு" என்றார். பக்கத்தில் நீ இருமியதும் கேட்டது.

என் பிழைப்பே அதுதானே. ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் அந்தக் கம்பிவலையை இயந்திரத்தில் மாட்டி, உடையும்வரை மடக்கி முறுக்கிப் பார்ப்போம். உனக்கு அடைப்பு இருக்கிற முழங்காலுக்குப் பின்னால் வைத்தால் அது படாதபாடு படும். நீ உட்கார்ந்து எழும்போதெல்லாம் மடியும். நீயோ நாள் முழுக்கக் குந்தியபடி டைல்ஸ் ஒட்டுகிறவன்.

உன் டாக்டரிடம் பேசினேன். அவருக்கும் அதே யோசனைதான். "முதல்ல பலூன் வெச்சு விரிச்சுப் பார்ப்போம். ரத்தம் நல்லா ஓடினா ஸ்டென்ட்டே வேண்டாம்" என்றார்.

நேற்று எல்லாம் நல்லபடியாக முடிந்து, உன் பாதத்தில் சூடு திரும்பிவிட்டதாக அண்ணி சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். எனக்குச் சளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

இனி நீ தினமும் நடக்க வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அம்மா போன பிறகு அந்தத் தெருப்பக்கமே நான் வரவில்லை. வீட்டைப் பங்கு பிரித்த கதையெல்லாம் பேச வேண்டாம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நில், போதும்.

உன் தங்கை