எதிர்வீட்டுக்காரியின் பேர்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்தல். மாவு அரைக்கக் கிளம்பினேன், கரண்ட் இல்லை.

டவுன் நாடகக் குழுவிலிருந்து வருகிற கவிதா ஆளுக்கொரு நோட்டு கொடுத்தாள். "தினம் எழுதுங்கக்கா, நாங்க யாரும் படிக்கமாட்டோம்." நான் படித்தது நாலாவது. பிழையிருந்தாலும் அடிக்க ஆளில்லை. எழுதுகிறேன்.

நாடகம் எங்கள் ஊர் ஒதியம்பட்டுப் பெண்களே போடுவது. கதையை வெளியே தேடவேண்டாமாம். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டப்பேர் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று மேடையில் சொன்னால் போதுமாம். பாதிப் பேர் நான் வைத்தது! மளமளவென்று ஒப்பித்தேன்:

பம்புசெட்டு வூடு – மல்லிகா வீடு. அவள் புருஷன் குறட்டை.
ரிவர்ஸ் வூடு – டிராக்டரை வாசலில் ஏற்ற அரைமணி நேரம்.
அப்புறம் பாய் – மளிகைக்கடை. எது கேட்டாலும் "அப்புறம் வாம்மா".
மியூட் வூடு – எதிர்வீடு. அவள் வாயே திறக்கமாட்டாள்.

பாய் பெண்சாதி ரஜியா கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். "எங்க வூட்டுக்காரருக்கு இது தெரியாது அஞ்சல. தெரிஞ்சா அப்புறமா கோவப்படுவாரு." பிறகு, "உனுக்கு இன்னா பேரு தெரியுமா? எஃப்.எம்."

எனக்குத் தெரியாது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகு கொஞ்சம் உறுத்தல்.

ஜூலை 10, வியாழன்

புழுக்கம். ஒத்திகை பள்ளிக்கூட ஷெட்டில். சாவியைப் பெரிய வாத்தியாரே கொடுத்துவிட்டார். ரஜியா கடையிலிருந்து பாய் கொண்டுவந்து விரித்தாள். "பாய் வீட்டுப் பாயில உக்காருங்கடி" என்றேன், ஒரு அடி விழுந்தது முதுகில். இத்தனை வருஷம் கடைப் பலகைக்கு அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒரே பாயில் உட்கார்ந்தது இன்றுதான்.

நோட்டீஸ் அடிக்க, நடிப்பவர்கள் பேரை எழுதும் வேலை எனக்கு. ரஜியா. மல்லிகா. அஞ்சலை. ஓரத்தில் மியூட் உட்கார்ந்திருந்தாள். அங்கே பேனா நின்றுவிட்டது. எதிர் எதிர் வாசல், பதினோரு வருஷம். அவள் பேர் எனக்குத் தெரியவில்லை.

மல்லிகாவைக் கேட்டேன். "மியூட்டுதான்டி." அட, நிஜப் பேரு? "யாருக்குத் தெரியும்!"

கடைசியில் அவளிடமே போனேன். "நோட்டீஸுக்கு உன் பேரு இன்னாம்மா?"

"நீ வெச்சதையே எழுதிக்கக்கா."

எழுந்து போய்விட்டாள். கவிதா கொடுத்த சுண்டலைக்கூடத் தொடவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

மூட்டம், மழை இல்லை. நேற்றும் இன்றும் ஒத்திகைக்கு அவள் வரவில்லை. இன்னும் ஒரே வாரம். எங்கள் வீட்டுக்காரர்: "போய்க் கேளேன், வாய்க்கா பஞ்சம் உனுக்கு?"

முருங்கைக்கீரையைச் சாக்காக எடுத்துக்கொண்டு போனேன். கீரையை வாங்கிக்கொண்டாள். "வரியாம்மா?" வாசலிலேயே உட்கார்ந்து கீரையை உருவ ஆரம்பித்தாள். கதவைச் சாத்தவில்லை. கீரை பறிக்கும்போதே யோசித்துவைத்த நாலு ஜோக்கில் ஒன்றும் வெளியே வரவில்லை எனக்கு.

சாயங்காலம் அவள் புருஷன் எங்கள் வீட்டுக்கு கேரம் ஆட வந்தார். போன் அடித்தது. திரையில் பெரிசாய் "மியூட்". கட்டிய புருஷன் போனிலும் அதுதான். அவரைக் கேட்டால் பேர் கிடைத்துவிடும். கேட்கவில்லை. அவளிடம் வாங்கவேண்டியதை அவரிடம் வாங்கவா.

ஆட்டத்தில் நான்தான் தோற்றேன்.

ஜூலை 16, புதன்

மழை. ஷெட் ஒழுகல். ரஜியா கடைத் தார்ப்பாய், ரிவர்ஸ் வூட்டுக் கயிறு. கட்டிவிட்டோம்.

வந்தாள்! நடுவில் உட்கார்ந்தாள். அவள் முறை வந்தது.

"எனுக்கு பண்டசோழநல்லூரு. கல்யாணம் பேசி முடிச்சப்புறம் எங்கம்மா செத்துட்டாங்க. முப்பது நாளுக்குள்ள முடிக்கணும், இல்லன்னா வருசம் தள்ளணும்னு பெரியவங்க சொன்னாங்க. இருவதாம் நாளு தாலி. புதுப்பொண்ணு அழக்கூடாதுன்னாங்க. வாயத் தொறந்தா அழுகைதான் வரும். அதான் பேசல."

அந்த வாரம்தான், தெருமுழுக்கக் கேட்கும்படி நான் சொன்னது: "இன்னாடி இது, டிவியில மியூட் போட்ட மாதிரி ஒரு பொண்ணு!" எல்லாரும் சிரித்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது.

என் கையிலிருந்த பேனாவை வாங்கி அவளே எழுதினாள். பூங்கொடி. அழகான கையெழுத்து.

இன்னொன்று. அன்று நான் சொன்னதை மேடையில் நானே சொல்லவேண்டுமாம். பூங்கொடி கேட்டுக்கொண்டது. எப்படி மாட்டேன் என்பது.

ஜூலை 20, ஞாயிறு

பகலெல்லாம் நாற்காலி தூக்கி இடுப்பு வலி. பள்ளிக்கூட மைதானம் நிறையக் கூட்டம். லைட் டவுன் குழுவோடது, கரண்ட் பாய் கடையிலிருந்து. "அப்புறம் பாய்" கதை வந்ததும் முதலில் சிரித்தது பாய்தான். "இப்பவே சிரிச்சிட்டேன், எழுதிக்கோங்க!" என்று கத்தினார்.

பிறகு நாங்கள் இரண்டு பேர். அவள் தலைகுனிந்து நிற்க, நான் சொல்லவேண்டும். கோயில் திருவிழா மைக்கிலேயே பேசியவள் நான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். சொன்னேன். கொஞ்சம் பேர் பழக்கத்தில் சிரித்தார்கள்.

அவள் தன் கதையைச் சொன்னாள். சிரித்தவர்கள் தலை குனிந்தார்கள். அவள் புருஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முடிந்தது என்று நான் இறங்கப் போனேன். அவள் மைக்கை விடவில்லை. ஒத்திகையில் இல்லாத ஒன்று:

"இன்னாக்கா, வால்யூம் போதுமா?"

மைதானமே அதிர்ந்தது. எனக்கு வசனம் கிடையாது அங்கே. "போதும்டி பூங்கொடி" என்றேன், அழுதுகொண்டே.

ஜூலை 21, திங்கள்

இதமான காற்று. இட்லிக்கு ஊறப்போட மறந்துவிட்டேன். குழாயில் தண்ணி வந்தது, எதிர்வீட்டில் சத்தமில்லை. வாசலில் நின்று கூப்பிட்டேன். "பூங்கொடி! தண்ணி வந்துடுச்சி!"

யாரும் வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ரிவர்ஸ் வூட்டுக் கிழவி, நேற்று காய்ச்சலில் நாடகத்துக்கு வராதவள், எட்டிப் பார்த்தாள்: "யாருடி அது, புதுக் குடித்தனமா?"

மூன்றாவது தடவை. குடத்தோடு வெளியே வந்தவள், தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான்,

"அய்ய, நான்தானேக்கா!"