கதவிடுக்கில் வைத்த கால்

சித்தி வீடு,
ஜூலை 9

அன்புள்ள டெல்ஃபினாவுக்கு,

என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்துவிட்டாய். சரி, உன் வீட்டுக்காரர் லாசரோவைக் கூப்பிட்டால் அவர், "அவ குளிக்கிறா" என்கிறார். மூன்று முறை கூப்பிட்டேன், மூன்று முறையும் குளியல். மெண்டோட்டாவில் இந்த வெயிலுக்கு அவ்வளவு தண்ணீர் யார் விடுகிறார்கள்? அதனால்தான், கல்லூரிக்குப் பக்கமென்று நான் வந்திருக்கும் சித்தி வீட்டிலிருந்து இந்தக் கடிதம். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது.

ஃபினா, நான் என்ன செய்தேன் என்று சொல். நர்சிங் படிப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் விண்ணப்பித்தோம். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்ததற்குப் புள்ளி, ஸ்பானிஷ் பேசுவதற்குப் புள்ளி, நுழைவுத் தேர்வுக்குப் புள்ளி என்று எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே எண். சமமாக வந்தவர்களுக்குக் குலுக்கல். குலுக்கியது கம்ப்யூட்டர். கடைசி இடம் எனக்கு விழுந்தது, நீ காத்திருப்போரில் முதல் ஆள் ஆனாய். இதில் என் கை எங்கே இருக்கிறது?

எனக்கும் சந்தோஷமாக இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "இது என்ன எலும்பு, சொல்லு, சொல்லாட்டி சாண்ட்விச் கிடையாது" என்று மிரட்டியவள் நீதானே. சீருடை அளவு கொடுக்கப் போனபோது உன் அளவையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். கடைக்காரி, "ஒருத்திக்கு ரெண்டு உடம்பா?" என்று கேட்டாள்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஆகஸ்ட் 12 அறிமுக நாள். காலை எட்டு மணிக்குக் கதவை மூடிவிடுவார்களாம். அதற்குப் பிறகு யார் வந்தாலும் இடம் போயிற்று, அந்த இடத்துக்கு உடனே காத்திருப்பவரைக் கூப்பிடுவார்கள். முப்பது பேரில் ஒருத்தர்கூடவா தூங்கிவிட மாட்டார்? கும்பிட்டுக்கொண்டு இரு.

உன் குட்டி மகள் அரெலிக்கு அவள் ஞானத்தாயின் முத்தம்.

உன்
மரிக்ரூஸ்

*

மெண்டோட்டா,
ஜூலை 17

மரிக்ரூஸுக்கு,

உன் கடிதம் வந்தது. லாசரோ அதை மேசை மேல் வைத்துவிட்டு, வெடிக்கப் போகிறது என்பதுபோலத் தள்ளி நின்றார்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கம்ப்யூட்டர் மேல் கோபப்பட எனக்குத் தெரியாது. அதற்கு முகம் இல்லை, உனக்கு இருக்கிறது. போதாததற்கு நீ அந்த முகத்தோடு சீருடை போட்டுப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறாய். உன் நம்பரைத் தடுத்ததே அந்தப் படத்தால்தான்.

உனக்கு இந்த வருஷம் கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் உண்டு. எனக்கு அப்படியில்லை, அதை நீ மறந்துவிட்டாய். உடற்கூறு பாடத்தை நான் அரெலி பிறப்பதற்கு முன்னால் படித்தேன். முதல் தர மதிப்பெண். ஆனால் ஏழு வருஷத்துக்கு மேல் அது செல்லாதாம். வருகிற டிசம்பரோடு என் மதிப்பெண் பால் பாக்கெட் மாதிரி கெட்டுப்போகிறது. அலுவலகத்தில் போய்க் கேட்டேன். "ஏழு வருஷத்துல மனுஷனுக்குப் புதுசா எலும்பு எதுவும் முளைச்சிருக்கா?" அந்தப் பெண் சிரிக்கவேயில்லை. "ரூல்ஸ், மேடம்" என்றாள். மறுபடி முதலிலிருந்து படி, பிறகு மறுபடி விண்ணப்பம், மறுபடி குலுக்கல். அதற்குள் அரெலியே விண்ணப்பித்துவிடுவாள்.

இங்கே முதியோர் இல்லத்தில் எல்லாரும் என்னைத் துக்க வீட்டில் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். சமையல்காரி எனக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுகிறாள். அவிலா தாத்தா குளிக்க மாட்டேன் என்று அடம் பிடித்து, "அந்த இன்னொருத்தி எங்க? அவதான் நல்லா பேசுவா" என்கிறார். நான் பேசாமலே குளிப்பாட்டி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 12 காலை போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன். மேற்பார்வையாளர் பிடுங்கினால் பிடுங்கட்டும். யாராவது ஒருத்தர் தூங்கட்டும் என்று நான் கும்பிடத் தயார், பாவமாக இருந்தாலும் பரவாயில்லை.

டெல்ஃபினா

பி.கு.: என் சீருடை அளவு மாறிவிட்டது. அந்தக் கரண்டிதான் காரணம்.

*

சித்தி வீடு,
ஆகஸ்ட் 13

அன்புள்ள ஃபினா,

முதலில் கெட்ட செய்தி. எல்லாரும் வந்துவிட்டார்கள். ஒருத்தர்கூட விடுபடவில்லை. எனக்கும் மனசே சரியில்லை.

ஆனால் நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எங்கள் ஆசிரியை மிஸஸ் புன்சலான். ஒரு பிடி உயரம், குரல் மட்டும் ஆறடி. ஏழரைக்கே வாசலில் நின்றுவிட்டார். எட்டு அடித்ததும் தானே கதவை இழுத்து மூடினார். இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி இருக்கும், வராந்தாவில் தடதடவென்று சத்தம். பார்த்தால் ஒரு ஹ்மாங் இனப் பெண், வயிறு இத்தனை பெரிசு, ஒரு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். "இருங்க, இருங்க!" என்று கத்துகிறாள். நான் கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது, காலை நீட்டிக் கதவிடுக்கில் வைத்துவிட்டேன். புது வெள்ளை ஷூ! மிஸஸ் புன்சலான் என் ஷூவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், அந்த வயிற்றைப் பார்த்தார். "காலை எடு. அவளை உள்ளே விடு. இரண்டு பேர் பெயரையும் நான் மறக்க மாட்டேன்" என்றார்.

அந்தப் பெண்ணின் பெயர் பா ஹுவா. மூச்சு வாங்கிக்கொண்டே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பரீட்சைக்கு முன்னால் நீ செய்வதுபோல என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது.

மற்றபடி பயமாக இருக்கிறது. மருந்துக் கணக்குத் தேர்வில் இரண்டு தடவையும் தொண்ணூறுக்குக் கீழே வாங்கினால் வீட்டுக்குப் போகலாமாம். எனக்குத் தசமப் புள்ளி எப்போதும் இடம் மாறி உட்காரும், உனக்குத் தெரியும். நீ இல்லாமல் இதை எப்படிச் செய்யப் போகிறேன்?

கோபம் தணிந்ததா? நம்பரைத் திறந்து விடேன்.

உன்
மரி

*

மெண்டோட்டா,
ஆகஸ்ட் 18

மரிக்ரூஸ்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்று காலை எட்டு மணிக்கு நான் அவிலா தாத்தாவுக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கை அவர் முதுகில், ஒரு கை என் சட்டைப் பையில். போன் அடிக்கவில்லை. எட்டேகாலுக்கும் அடிக்கவில்லை. அவர், "பொண்ணே, கண்ணுல சோப்பு" என்று கத்திய பிறகுதான் எனக்குச் சுயநினைவே வந்தது.

நீ காலை வைத்தது என் கதவில், மரி. அந்த ஒரு விரல்கடை என்னுடையது. அதை நீ எனக்கே கதையாக எழுதி அனுப்பியிருக்கிறாய், ஷூ என்ன நிறம் என்பதுவரை.

அந்தப் பெண் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி, நன்றாக இருக்கட்டும். ஆனால் கால் நீளும்போது என் ஞாபகம் உனக்கு ஒரு நொடிகூட வரவில்லை. அதுதான் தாங்கவில்லை.

தேவாலயத்தில் அரெலியின் புதுநன்மைச் சடங்குக்கு ஞானத்தாய் இடத்தில் நிற்க வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். இனி எழுதாதே.

டெல்ஃபினா

*

சித்தி வீடு,
நவம்பர் 3

ஃபினா,

எழுதாதே என்றாய். செப்டம்பரில் எழுதினேன், அக்டோபரில் எழுதினேன், நீ பதில் போடவில்லை. இதையும் போடாமல் இரு. ஆனால் படி.

எனக்கு உண்மையாகவே உன் ஞாபகம் வரவில்லை. அதற்கு என்ன சொல்ல? ஒருத்தி ஓடி வருகிறாள், கதவு மூடுகிறது, கால் போய்விட்டது. யோசித்திருந்தால் வைத்திருப்பேனா என்று தினமும் என்னையே கேட்கிறேன். தெரியவில்லை. "தெரியவில்லை" என்று உன்னிடம் சொல்வதற்கே பயமாக இருக்கிறது.

மருந்துக் கணக்கில் முதல் தடவை எண்பத்தெட்டு. இரண்டாம் தடவை தப்பித்தேன். போன வாரம் பயிற்சிப் பொம்மைக்குச் சிறுநீர்க் குழாய் போடும் தேர்வு. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் என் கிருமிநீக்கிய கையுறை மேசை ஓரத்தில் லேசாகப் பட்டது, எதில் பட்டாலும் அது அசுத்தம். யாரும் பார்க்கவில்லை, மிஸஸ் புன்சலான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "பட்டுடுச்சு மேடம்" என்று நானே சொன்னேன். தோல்வி. திங்கட்கிழமை மறுபடி செய்ய வேண்டும், அதிலும் தவறினால் படிப்பே முடிந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். அதிலும் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேறு யார் மூலமாவது உனக்கு வந்து சேர்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பா ஹுவா நின்றுவிட்டாள். குழந்தை முன்னதாகவே பிறந்துவிட்டது, ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இரண்டு நாளுக்கு மேல் விடுப்பு எடுத்தால் சேர்க்க மாட்டார்கள். அழுதுகொண்டே சாமான்களை எடுத்துப் போனாள். வகுப்பு தொடங்கிய பிறகு காத்திருப்பவர்களைக் கூப்பிட மாட்டார்களாம். மிஸஸ் புன்சலானிடம் போய்க் கெஞ்சினேன். "மெண்டோட்டாவுல ஒருத்தி இருக்கா மேடம், இன்னைக்குக் கூப்பிட்டா நாளைக்கு வந்து நிப்பா" என்றேன். "என் கையில் இருந்தால் கூப்பிட மாட்டேனா?" என்றார். அந்த நாற்காலி என் பக்கத்தில் சும்மா கிடக்கிறது, ஃபினா. எல்லாரும் அதில் பை வைக்கிறார்கள். நான் வைப்பதில்லை.

உன் மகளிடமிருந்து என்னைப் பிரிக்காதே. அவளை ஞானஸ்நானத் தொட்டியில் ஏந்தியவள் நான்.

மரிக்ரூஸ்

*

மெண்டோட்டா,
ஜனவரி 16

மரிக்கு,

அந்தத் திங்கட்கிழமை பொம்மைக்கு ஒழுங்காகக் குழாய் போட்டாயா? நீ எழுதவேயில்லை. எழுதாதே என்றவளே நான்தான் என்பது எனக்குத் தெரியும், நினைவூட்ட வேண்டாம்.

நாற்காலியைப் பற்றிப் படித்த அன்று இரண்டு தட்டு உடைந்தது. லாசரோ, "மூணாவது தட்டு எங்க அம்மாவோடது" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உடற்கூறு வகுப்பில் மறுபடி சேரப் போனேன். அதிலும் இடம் இல்லை! காத்திருப்பவர்களில் முதல் ஆள் நான். இதற்கென்றே பிறந்திருக்கிறேன் போல. முதல் நாள் காலையில் வராதவர் பெயரை அடித்துவிட்டு, சுவரோரம் நிற்பவர்களை உட்கார வைப்பார்கள். போய்க் கதவுப் பக்கத்தில் நின்றேன். வெளியே ஒரே மூடுபனி, காரின் மூக்கு தெரியவில்லை. பெயர்கள் படித்தார்கள். எல்லாரும் "இருக்கேன், இருக்கேன்" என்கிறார்கள், ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. ஆசிரியர் மறுபடி படித்தார். அப்போது வெளியே யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. கனமான பூட்ஸ். கதவை ஒட்டி நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. ஆசிரியர் என்னைப் பார்த்து, "வெளியே யாராவது இருக்காங்களா, பாருங்க" என்றார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பனிக்குள் ஒரு உருவம் படியேறிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்ல சார்" என்றேன்.

உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பின்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஆசிரியர் போய், மன்னிக்கணும், இடம் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பலகையில் எலும்புகளின் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்த எலும்பு.

வகுப்பு முடிந்து போனால் பஸ் நிறுத்தத்தில் அவன் உட்கார்ந்திருக்கிறான். இருபத்தைந்து வயதிருக்கும், மாட்டுப் பண்ணை பூட்ஸ், பால் கறந்துவிட்டு நேரே வந்திருக்கிறான். "நீங்களும் உடற்கூறா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "எடம் கெடச்சுதா?" கிடைத்தது என்றேன். "நல்லதுங்க. பனியில பஸ் ஊர்ந்து வந்துச்சு, ஒரு நிமிஷத்துல எடம் போயிடுச்சு. உங்களுக்காவது கெடச்சுதே, நல்லா படிங்க அக்கா." பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துப் பிட்டு, பாதியை என்னிடம் நீட்டினான். வாங்கித் தின்றேன், மரி.

இடத்தை விட மாட்டேன். விட்டுவிட்டேன் என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. ஏழு வருஷம் காத்திருந்த இடம், படித்து முடிப்பேன், விண்ணப்பிப்பேன், குலுக்கலோ எதுவோ பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீயும் நானும் சமம் என்று அந்தக் கம்ப்யூட்டர் சொன்னதே, அது தப்பு. நீ "பட்டுடுச்சு" என்று சொன்ன மாதிரி, யாரும் பார்க்காத ஒரு இடத்தில்தான் நான் "யாரும் இல்ல" என்றேன். நாளைக்கு நான் படுத்த படுக்கையாகக் கிடந்தால் என் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது தெரிந்ததில் இன்னும் எரிச்சல்தான் வருகிறது.

மே மாதம் அரெலிக்குப் புதுநன்மை. வேறு ஆள் யாரையும் நான் பார்க்கவில்லை, பார்ப்பதாகச் சொன்னேன், அவ்வளவுதான். மெழுகுவர்த்தியும் முக்காடும் ஞானத்தாய் வாங்க வேண்டும், வழக்கம் உனக்குத் தெரியும். மலிவாகப் பார்த்து வாங்காதே.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். நீ கூப்பிடாதே. அந்தப் பையனைப் பற்றி நீ ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாய், என்னால் இப்போது கேட்க முடியாது. நான் கூப்பிடும்போது கூப்பிடுவேன். எடுத்ததும் எலும்பைப் பற்றி மட்டும் பேசு.

ஃபினா