கிரிவலப் பாதையில் விற்கப்படும் ‘சைவ நானோ இன்சுலின்’

அனுப்புநர்:
அ. சைலஜா, எம்.எஸ்சி.,
மாட வீதி, திருவண்ணாமலை.

பெறுநர்:
மருந்துகள் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: என் மகளின் உயிருக்கு உலை வைத்த போலிச் சொட்டு மருந்தைப் பறிமுதல் செய்யவும், வாங்கியவர்களை எச்சரிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் ஹைமவதிக்கு ஏழு வயது. முதல் வகை நீரிழிவு உள்ளவள். தினமும் இன்சுலின் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும். கடந்த பௌர்ணமியன்று செங்கம் சாலையில், கிரிவலப் பாதையோரம் கடை போட்டிருந்த முருகவேல் என்பவர், என் மாமனார் கைலாசநாத குருக்களிடம் ‘சைவ நானோ இன்சுலின்’ என்று ஒரு சொட்டு மருந்தை விற்றிருக்கிறார். “இனிமே ஊசியே வேணாம் சாமி, நாக்குல ரெண்டு சொட்டு வுட்டா போதும்” என்றாராம். பேத்தி ஊசிக்கு அழுவதைப் பார்க்கச் சகியாதவர், நம்பிவிட்டார்.

2. நான் கீழ்பென்னாத்தூருக்குத் தாய்வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த இரண்டு நாளும் ஊசியை நிறுத்திவிட்டு இதையே கொடுத்திருக்கிறார். போனில் கேட்டபோதெல்லாம் “மருந்து ஆச்சும்மா” என்றே பதில் வந்தது. திரும்பி வந்தபோது குழந்தை வாந்தியெடுத்து, மூச்சிரைத்துக் கிடந்தாள். வாயில் அழுகிய பழ வாடை. இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் நஞ்சேறும்போது வரும் வாடை அது. மாமனாரோ, “அபிஷேகப் பஞ்சாமிர்தம் சாப்ட்ட வாசனைன்னு நெனச்சுண்டேம்மா” என்றார். தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பிழைத்தாள். இம்மனு தாமதமானதும் அதனால்தான்.

3. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் பருப்பைப் போலச் செரித்துவிடும். அதைக் கைட்டோசான் போன்ற இயற்கைப் பொருளாலான நுண்துகளில் பொதிந்து, வயிற்றைத் தாண்டி ரத்தத்தில் சேர்க்க முடியுமா என்று பல இடங்களில் ஆராய்கிறார்கள். நானும் முதுகலையில் அதைத்தான் படித்தேன். ஊசியில்லாத அந்த நாளுக்கு என்னைவிட ஏங்குபவர் இருக்க முடியாது. அந்த ஏக்கத்தைத்தான் முருகவேல் பாட்டிலில் ஊற்றி, கற்பூரக் கட்டிக்குப் பக்கத்தில், வெயிலில் வைத்து விற்கிறார்.

4. கைட்டோசான் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. பிறகு இது எப்படிச் சைவம் என்று நேரில் போய்க் கேட்டேன். “இது துளசியில எடுத்த கைட்டோசான் மேடம்” என்றார், வாய் கூசாமல். துளசியில் அது கிடையவே கிடையாது. குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்ததைச் சொன்னேன். “நம்பிக்கை கம்மியா குடுத்திருப்பீங்க” என்றார்.

5. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாமனாரிடம் விற்ற அன்றே ஒரு பெட்டி நிறையப் பாட்டில்களை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பூஜையில் வைத்துத் தரச் சொல்லி வாங்கிப் போயிருக்கிறார். “குருக்கள் கையால பூஜை பண்ணது” என்று சொல்லியே மற்றவர்களிடம் விற்றிருக்கிறார்.

ஆகவே, அடுத்த பௌர்ணமிக்குள் இம்மருந்தைப் பறிமுதல் செய்து, பரிசோதித்து, விற்றவர் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன். “ஊசியை நிறுத்தாதீர்கள்” என்று கிரிவலப் பாதை முழுதும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவும் வேண்டுகிறேன்.

என் மாமனாரும் கீழே கையொப்பமிடுகிறார். அவரை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஆனாலும் அவர் தினமும் கேட்கும் கேள்வி என்னுடையதும்தான்: “நான் பூஜை பண்ணிக் குடுத்த மத்த பாட்டிலெல்லாம் இப்போ எந்தெந்தக் குழந்தை இருக்கற வீட்ல இருக்கோ?” எங்களால் வீடு வீடாகப் போய்த் தேட முடியாது. தாங்கள் தேட வேண்டும் ஐயா.

இணைப்பு: மீதியுள்ள சொட்டு மருந்து, மருத்துவமனை அறிக்கையின் நகல்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 28.07.2025

இப்படிக்கு,
அ. சைலஜா
கைலாசநாத குருக்கள்